வாயில்லா ஜீவனின் தட்டு

நாயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் எவரும் தயங்கமாட்டோம். மூன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தாயிற்று. நாய் நன்றியுள்ள பிராணி, வீட்டைக் காக்கும், மோப்ப சக்தி மிகுந்தது. பசுவின் ஆகாரம் வைக்கோல், புல், புண்ணாக்கு என்று வரிசையாக எழுதிப் பழகிய நாம், நாயின் ஆகாரம் என்ற இடம் வந்ததும் ‘மிச்சம் மீதி’ என்று இரண்டே வார்த்தைகளில் முடித்துவிடுவோம். அதற்காக எந்த ஆசிரியையும் மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை.

அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். பூனைக்கும் நாய்க்கும் நாம் வைக்கும் ஆகாரம் எங்கிருந்து வருகிறது? அதில் என்ன கலந்திருக்கிறது? அது கெட்டுப்போயிருந்தால் யாரைக் கேட்பது? அற்பக் கேள்விகள் போலத் தோன்றலாம். ஆனால் கடந்த ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பின், இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி அப்பாவும் நானும் கொஞ்சம் அலைந்தோம். தெரிந்துகொண்டதைத் தோழியருடனும், பெற்றோருடனும், நம் அருட்சகோதரிகளுடனும் பகிர்ந்துகொள்வது என் கடமை என்று கருதுகிறேன்.

கடற்கரைப் பூனைகள்

நம் தூத்துக்குடியில் பூனைகளுக்குப் பஞ்சமில்லை. மீன் உள்ள இடத்தில் பூனை இருக்கும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவில் விசைப்படகுகள் கரைசேரும் நேரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால், ஏலம் கூறுவோரின் குரலுக்கு நடுவே கூடைகளின் ஓரமாக அவை காத்திருப்பதைப் பார்க்கலாம். சீலாவும் பாறையும் ஊளியும் ஒரு பக்கம். இறாலும் கணவாயும் நண்டும் இன்னொரு பக்கம். எல்லாம் பிரித்தெடுத்த பின் வலையின் அடியில் தங்கும் பொடிமீன், உடைந்த மீன், பெயர் தெரியாத குஞ்சுகள் ஆகியவற்றுக்கு நம் ஊரில் ‘சங்காயம்’ என்று பெயர்.

ஒரு காலத்தில் இதே கடற்கரையில் முத்துச் சிப்பிகளைக் குவித்து ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். 1961ஆம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. இன்று விசைப்படகுகளின் அடித்தட்டில் வந்து குவிவது சங்காயம். அதை மனிதர் வாங்கிச் சமைப்பதில்லை. உலர்த்தி, அரைத்து, மீன்தூளாக்கிக் கோழிக்கும் வளர்ப்பு இறாலுக்கும் தீவனத்தில் சேர்க்கிறார்கள். உலகெங்கும் நாய், பூனை உணவுகளிலும் மீன்தூள் ஒரு முக்கியமான சேர்மானம். ஆக, சங்காயம் நம் தட்டுக்கு வராமல் போவதில்லை. கோழியாகவும் முட்டையாகவும் சுற்றிக்கொண்டு வருகிறது.

இந்தச் சுற்றுப்பாதையில் வாழும் மனிதர்களையும் மறந்துவிடக் கூடாது. நம் மாவட்டத்தில் பொட்டலூரணி என்றொரு கிராமம் இருக்கிறது. தங்கள் ஊரைச் சுற்றியுள்ள மீன் கழிவு ஆலைகளை மூடவேண்டும் என்று கோரி, 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி நடந்த நாடாளுமன்றத் தேர்தலையே அவ்வூர் மக்கள் புறக்கணித்தார்கள். தீவனம் என்பது பையில் அடைபட்டுக் கடைக்கு வரும்முன் எத்தனை பேருடைய மூச்சில் கலந்துவிடுகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஆச்சியின் சட்டம்

எங்கள் ஆச்சி கருவாட்டு வியாபாரம் செய்தவர்கள். நெத்திலி, காரல், சாளை எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தே தரம் சொல்லிவிடுவார்கள். வீட்டுப் பூனைக்கு ஆகாரம் வைப்பதில் அவர்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் உண்டு. மீன் அறுத்ததும் தலையையும் வாலையும் தனிச் சட்டியில் போட்டு, உப்பில்லாமல், மஞ்சள் மிளகாய் இல்லாமல் வேகவைப்பார்கள். முள்ளை எடுத்துவிட்டு, வெந்த தண்ணீரோடு சேர்த்துச் சோற்றில் பிசைந்து வைப்பார்கள். நான் சின்னவளாக இருந்தபோது குழம்பு மீனை எடுத்துப் போடப் போனால் உடனே அதட்டல் வரும்.

“ஏளா, கொளம்பு மீன அதுக்குப் போடாத. உப்பும் புளியும் வெங்காயமும் அதுக்கு எதுக்கு? வாயில்லா சீவன், வயித்த வலிச்சா நம்மகிட்ட வந்து சொல்லுமா?”

பச்சை மீனையும் அன்றாடம் கொடுக்க விடமாட்டார்கள். “ஒரு நா ரெண்டு நா கடிச்சா பரவாயில்ல, தெனமும் ஆகாது” என்பார்கள்.

ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானத்தில் காரணம் இருக்கிறது என்பதைப் பின்னாளில் படித்து வியந்தேன். வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. சிலவகை மீன்களில், பச்சையாக இருக்கும்போது, ‘தயமினேஸ்’ என்ற நொதி இருக்கிறது. அது பி1 வைட்டமினை அழித்துவிடும். தொடர்ந்து பச்சை மீனையே தின்னும் பூனைக்கு நரம்பு தளர்ந்து வலிப்பு வரும். 1930களில் அமெரிக்காவில் சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் பச்சை மீன் கொடுத்து வளர்த்த நரிகள் கால் முடங்கி இறந்தபோதுதான் இந்த உண்மை வெளிப்பட்டது. அந்த நோய்க்கு ‘சாஸ்டெக் வாதம்’ என்றே பெயர். மீனை வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடுகிறது.

வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்ததிலும் பொருள் உண்டு. பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் ‘டாரின்’ என்ற சத்து அவசியம். அது வேகும்போது தண்ணீரில் இறங்கிவிடும். இதை அறியாமல் பெரிய தொழிற்சாலைகளே ஏமாந்திருக்கின்றன. முழுமையான உணவு என்று அச்சிட்டு விற்கப்பட்ட பூனை உணவிலேயே டாரின் போதாமல் பூனைகள் இதயம் வீங்கி இறந்தன என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் கண்டறிந்து சொன்னார்கள். அதன் பின்னரே பூனை உணவில் டாரினைக் கூட்டினார்கள். ஆகவே வீட்டுச் சமையல் எல்லாம் நல்லது, கடைப் பொட்டலம் எல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கவனமில்லாவிட்டால் இரண்டும் கெடுதலே. கவனம் இருந்தால் இரண்டும் நல்லதே.

மணிக்கு வந்த நோய்

ஆச்சிக்குக் கண்பார்வை மங்கிய பிறகு எங்கள் வீட்டுச் சமையல் சுருங்கிவிட்டது. மணி என்கிற எங்கள் நாட்டு நாய்க்கு உருண்டை உருண்டையாக வரும் கடைத் தீனி பழக்கமாயிற்று. பெரிய பொட்டலம் விலை கூடுதல் என்பதால் பல கடைகளில் பெரிய சாக்கைப் பிரித்து, கிலோக் கணக்கில் நிறுத்துப் பாலிதீன் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் பலரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

கடந்த ஆண்டு ஐப்பசி மழை நாளில் மணி தீனியைத் தொடவில்லை. மறுநாள் வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள் அதன் கண்ணும் ஈறும் மஞ்சளாகிவிட்டன. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார். நானும் கூடப் போனேன். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, முதலாவதாகக் கேட்ட கேள்வி இதுதான்: “என்ன தீனி கொடுக்கிறீங்க? அந்தப் பையைக் கொண்டாங்க, பார்ப்போம்.”

பை எங்கே இருக்கிறது? பெயரில்லாத பாலிதீன் பையில் அரைக்கிலோ தீனிதான் மிச்சம் இருந்தது. கடைக்கு ஓடினோம்.

“சாக்கு முந்தாநாளே காலியாயிட்டு அண்ணாச்சி. பழைய சாமான்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். இப்போ இருக்கது புதுச் சாக்கு” என்றார் கடைக்காரர். எந்தக் கம்பெனி, எந்த மாதம் செய்தது என்று அவருக்கே நினைவில்லை.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எலிக்காய்ச்சல் வந்தாலும் நாய்க்கு இப்படி மஞ்சள் காணும். ஈரத்தில் பூசணம் பிடித்த தீனியைத் தின்றாலும் கல்லீரல் கெட்டு இப்படி ஆகும். எது காரணம் என்று உறுதியாகச் சொல்லத் தீனியைச் சோதிக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. கோழிப்பண்ணைகள் நிறைந்த ஊரல்லவா! ஆனால் எந்தத் தயாரிப்பு, எந்தத் தொகுதி எண் என்று தெரியாத ஒரு கைப்பிடித் தீனியைச் சோதித்து, அதில் நஞ்சு இருந்தது என்று தெரிந்தாலும், யாரிடம் போய் எதைத் திரும்பப் பெறச் சொல்வது?

பத்து நாட்களில் மணி எழுந்து நடமாடியது. இறைவனுக்கு நன்றி. ஆனால் எங்கள் தெருவில் அதே வாரத்தில் இன்னொரு வீட்டு நாய் இறந்துபோயிற்று. அதுவும் அதே கடைத் தீனியா, வேறு நோயா? இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போனதுதான் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்பா ஓர் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் புகார் சொன்னார். அங்கிருந்தவர் கோபப்படாமல் சிரித்துக்கொண்டே, “இது மனுஷன் சாப்பிடுற சாமான் இல்லையே சார். எங்க சட்டத்துல இது உணவே கிடையாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த அப்பா, அவர் சொன்னது மெய்தானா என்று பார்க்கச் சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

அவர் சொன்னது மெய்தான். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. உணவு என்றால் என்ன என்று அச்சட்டம் தொடக்கத்திலேயே விளக்கம் தருகிறது. மனிதர் உட்கொள்வதற்கானதே உணவு. கால்நடைத் தீவனம் அதில் சேராது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது.

அப்படியானால் வேறு எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருப்பதால் இறக்குமதி விஷயங்கள் அவருக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து இறைச்சி சேர்ந்த நாய், பூனை உணவைக் கொண்டுவர மத்தியக் கால்நடைத் துறையின் முன்னனுமதி வேண்டும். குறிப்பிட்ட சில துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியாகத்தான் அது உள்ளே வரலாம். இதற்கு ஆதாரம் 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். ஆனால் அதன் முதல் நோக்கம் வெளிநாட்டுக் கால்நடை நோய் நம் நாட்டுக்குள் நுழையாமல் தடுப்பதே.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் நாய், பூனை உணவுக்கென்றே ஐ.எஸ். 11968 என்ற தரநிலையை வகுத்திருக்கிறது. ஆனால் அமைவனத்தின் தரநிலைகள் பொதுவாக உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. அரசாங்கம் தனியே ஆணை பிறப்பித்தால்தான் அவை கட்டாயமாகும். நான் மூன்று கடைகளில் ஏறி இறங்கி, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நாய்த் தீனியைத் தேடினேன். ஒரு பொட்டலத்திலும் காணவில்லை.

பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளும் உண்டு. தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், விலை, புகாருக்குத் தொடர்புகொள்ளும் விவரம் ஆகியவற்றைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். ஆனால் சாக்கைப் பிரித்துக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் கணத்திலேயே இந்த விவரம் எல்லாம் வாங்குபவர் கையைவிட்டுப் போய்விடுகிறது.

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில், உணவு என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே மனிதரும் மற்ற விலங்குகளும் சேர்ந்தே இடம்பெற்றிருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்ததால் அங்கே தவறே நடக்கவில்லை என்று எண்ணவேண்டாம். நடந்தது. ஆனால் தவறு நடந்தபோது தயாரித்தவர் பெயர் தெரிந்தது, நாள் தெரிந்தது, கடையிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற முடிந்தது.

மனிதனுக்கே இல்லாதபோது…

அப்பாவின் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “மனுஷப் பிள்ளைகளுக்கே நல்ல சாப்பாடு இல்லாத நாட்டுல, நாய்ச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் கேட்குதீங்களே, நியாயமா?”

நியாயமான கேள்வி என்றே எனக்கும் பட்டது. பசித்த குழந்தையின் தட்டை நகர்த்திவிட்டு நாயின் தட்டைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தபோது இரண்டு தட்டுகளும் வேறு வேறு அல்ல என்று தெரிந்தது. மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊர். நம் ஊரைப் போலவே அங்கும் மீனவர்கள், படகுகள், பூனைகள். 1950களில் அங்குள்ள பூனைகள் திடீரென்று வெறி பிடித்தாற்போல் சுழன்று, துள்ளி, கடலில் விழுந்து செத்தன. ‘பூனை நடனம்’ என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். பின்னர் மனிதர்களுக்குக் கைகால் நடுங்கியது, பேச்சு குழறியது. 1956ஆம் ஆண்டு மே மாதம் அந்நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. சிஸ்ஸோ என்ற இரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீனில் ஏறியிருந்தது. அந்த மீனைத்தான் பூனையும் தின்றது, மனிதரும் தின்றார்கள். ஆலை மருத்துவமனையின் டாக்டர் ஹோசோகாவா 1959இல் ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் அதே நோய் கண்டது. அந்த முடிவை நிர்வாகம் வெளியில் விடவில்லை. ஆலைக் கழிவே காரணம் என்று ஜப்பானிய அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 வரை ஆயிற்று. பூனைகள் தங்கள் உயிரைக் கொடுத்துச் சொன்ன செய்தியை மனிதர்கள் அத்தனை வருடம் கேட்காமல் இருந்தார்கள்!

இரண்டாவது சம்பவம் நம் நாட்டிலேயே நடந்தது. 1974ஆம் ஆண்டின் இறுதியில் இராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் ஏழை மக்களிடையே மஞ்சள் காமாலை போன்ற ஒரு நோய் பரவியது. அறுவடைக்கு முன் பெய்த பருவந்தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்திருந்தது. அதில் உண்டான ‘அஃப்ளாடாக்சின்’ என்ற நஞ்சே காரணம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். நோயுற்ற 397 பேரில் 106 பேர் மாண்டார்கள். அந்த ஆய்வில் ஒரு வரி என் மனத்தைத் தைத்தது. வீட்டாரின் ரொட்டியைப் பங்கிட்டுத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் வந்து, அவையும் இறந்தன.

இதே நஞ்சு உலகுக்கு முதலில் தெரியவந்ததும் தீவனத்தால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தது. கடலை மிட்டாய்க்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியைத் தன்னிடத்தே கொண்ட மாவட்டம் நம்முடையது. நல்ல கடலையை நாம் தின்கிறோம். ஒதுக்கிய சொத்தைக் கடலை எங்கே போகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

மூன்றாவது, 2007ஆம் ஆண்டு. மார்ச் மாதம் 16ஆம் தேதி, கனடாவைச் சேர்ந்த மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் அமெரிக்காவில் விற்ற ஆறு கோடி நாய், பூனை உணவு டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தின்ற பிராணிகளின் சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்தது. சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்று சொல்லி வாங்கிய மாவில் ‘மெலமைன்’ கலந்திருந்தது. மெலமைன் என்பது பிளாஸ்டிக் தட்டு செய்யும் மூலப்பொருள்.

பிளாஸ்டிக் மூலப்பொருளை ஏன் உணவில் கலக்கவேண்டும்? விடை நம் பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்திலேயே இருக்கிறது. கெல்டால் முறை நினைவிருக்கிறதல்லவா? பொருளிலுள்ள நைட்ரஜனை அளப்போம். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், கிடைத்த அளவை 6.25ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஆகவே ஒரு கிராம் மெலமைன் நான்கு கிராம் புரதத்தைப் போலக் கணக்கில் ஏறிவிடும். சோதனைக்குழாயை ஏமாற்றலாம், சிறுநீரகத்தை ஏமாற்ற முடியாது. மெலமைனும் அதோடு கூட வரும் சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாக அடைத்துக்கொண்டன. 2004ஆம் ஆண்டிலேயே தைவான், தென்கொரியா முதலிய ஆசிய நாடுகளில் நாய்கள் இப்படி இறந்திருந்தன. அதுவும் மெலமைனால்தான் என்பது 2007க்குப் பிறகே புரிந்தது.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? 2008இல் அதே மெலமைன் சீனாவில் பால்மாவில் கலக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். ஆறு கைக்குழந்தைகள் இறந்தார்கள். அதே செப்டம்பர் மாதத்தில் நம் அரசாங்கமும் சீனப் பால் பொருள்களைத் தடைசெய்தது.

2004இல் நாய், 2007இல் பூனையும் நாயும், 2008இல் கைக்குழந்தை. இந்த வரிசையைப் பார்த்த பிறகு, அப்பாவின் நண்பருக்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றே: “மாமா, நாயின் தட்டுக்குக் காவல் வைத்தால் அது பிள்ளையின் தட்டுக்கும் காவல்தான்.” அவர் சிரித்துவிட்டு, “வக்கீலுக்குப் படிக்கப் போறியாக்கும்” என்றார்.

நம்மால் இயன்றது

சட்டம் மாறும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இப்போது சில வழக்கங்களைக் கடைப்பிடிக்கிறோம். தீனி வாங்கினால் அச்சிட்ட பொட்டலமாகவே, சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை என்று வாங்குகிறோம். தயாரித்த மாதமும் தொகுதி எண்ணும் இருக்கும் பகுதியைக் கத்தரித்து, தீனி தீரும்வரை பத்திரமாக வைத்திருக்கிறோம். கடல்காற்றில் உப்பே கசியும் ஊர் இது. ஆகவே தீனியை இறுக மூடும் தகர டப்பாவில், தரையைவிட்டு உயர்த்தி வைக்கிறோம். பூசண வாடை அடித்தால் வேறு பிராணிக்கும் போடாமல் குழியில் புதைக்கிறோம். சேர்மானப் பட்டியலில் முதலில் எழுதியிருப்பதே பெரும்பாலும் அதிக அளவில் இருக்கும் என்பதால் அதைப் படித்துப் பார்க்கிறோம். வாரத்தில் சில நாள் ஆச்சி சொன்ன முறையில் அம்மா மீன் தலையை வேகவைக்கிறார்கள். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்தாயிற்றா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

புகார் சொல்லவும் வழி இல்லாமல் இல்லை. நாய்த் தீனி உணவுச் சட்டத்தில் உணவாக இல்லாமல் போகலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்பதை யாரும் மறுக்க முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசலாம். ஆனால் அதற்கு ரசீது வேண்டும்; பொட்டலம் வேண்டும்.

இதை நான் கடைக்கார அண்ணாச்சியிடமும் சொன்னேன். முதலில், “கிலோக் கணக்குல வாங்குதவங்களும் பாவம் ஏழைகதானம்மா, அவுகளுக்கு நான் குடுக்காண்டாமா?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சில்லறையாக விற்பதை நிறுத்தச் சொல்லவில்லை, சாக்கின் மேலுள்ள விவரத்தை மட்டும் காட்டி வைத்தால் போதும் என்று அப்பா சொன்னார். இப்போது அவர் புதுச் சாக்கைப் பிரித்ததும் பெயரும் மாதமும் எண்ணும் உள்ள துண்டைக் கத்தரித்து, தீனி கொட்டிவைக்கும் தகரப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுகிறார். பிரித்த தேதியையும் பேனாவால் எழுதுகிறார். சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டதற்காகச் செய்தார். மற்றக் கடைகளிலும் கேட்டால் செய்யமாட்டார்களா?

அன்புத் தோழியரே! நம்மில் சிலர் நாளை கால்நடை மருத்துவர் ஆகலாம். சிலர் மீன்வளக் கல்லூரியில் படிக்கலாம். சிலர் சட்டம் படித்து, உணவு என்ற சொல்லுக்கு இன்னும் விரிந்த ஒரு விளக்கம் எழுதலாம். அதற்கு முன்பே இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நாயும் பூனையும் இருந்தால், அதற்கு வைக்கும் தீனி எங்கே, எப்போது தயாரானது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்தால் ஒரு தாளில் குறித்து வையுங்கள். விடை தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது ‘போய்ப் படிக்கிற வேலையைப் பார்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இதுவும் படிப்புதான்.

வாயில்லா ஜீவன் வயிறு வலித்தால் நம்மிடம் வந்து சொல்லாது என்றார்கள் ஆச்சி. அது நோயாகப் படுத்துவிட்ட பிறகு கேட்பதைவிட, அதன் தட்டில் கைவைக்கும்முன் அதன் சார்பில் நாம் கேட்டுவிடுவோமாக!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு